கோதை மொழிபெயர்க்க முடியாத படம்

கோதை சொன்னதை நம்பிப் பை கட்டுகிற புத்தி எனக்கு எப்போது போகுமோ தெரியவில்லை. "தஞ்சாவூர்ல இறங்கு, நான் வண்டியோட ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன்" என்றிருந்தாள். விடிந்ததும் இறங்கினேன். வாசலில் ஆட்டோக்காரர்கள் நின்றார்கள், பெரிய கோயிலுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். கோதை இல்லை. போன் போட்டால், "மன்னார்குடி பஸ்ல ஏறி வந்துருடி, இங்க மண்டபக்காரன் காலை வாரிட்டான்" என்றாள். எப்படி வாரினான் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மன்னார்குடிக்கு இரண்டு வழி உண்டு என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கோயமுத்தூரிலிருந்து வந்தவளுக்கு யார் சொல்வார்கள்? நீடாமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் துண்டை விரித்து முகத்தில் போட்டுக்கொண்டார். ஒரு ரயில் போனது, கேட் திறக்கவில்லை. இன்னொன்றும் போனது. ஒருவழியாகத் திறந்து நாலு மைல் போனதும் சாலை மறியல். தண்ணீர் கேட்டுத்தான். மேட்டூர் அணையைக் குறித்த நாளில் திறந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. ஆறு முடிகிற கடைமடைக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டு, ரோட்டின் குறுக்கே ஏர்க்கலப்பையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து சீட்டில் கூத்தாநல்லூர்க்கார அம்மா ஒருவர். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறானாம். மடியில் இருந்த டப்பாவைத் திறந்து தம்ரூட் ஒரு துண்டு கொடுத்தார். ரவையும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்து அப்படியே கரைந்தது. அந்தக் காலையில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

கோதை நடத்தும் படவிழாவுக்குப் போகிறேன் என்றேன். "படவிழாவா? தியேட்டர்லயாம்மா?" என்று கேட்டார்.

"மண்டபத்துலன்னு சொன்னாங்க. இப்ப எங்கன்னு தெரியலைங்க."

"நம்ம பக்கம் அப்புடித்தாம்மா. எடம் கடைசியிலதான் தெரியும். சாப்பாடு மட்டும் மொதல்லயே முடிவாயிரும்" என்றார்.

நான் எதற்காக இந்த அவஸ்தையெல்லாம் பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். கோதையும் நானும் திருச்சியில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். நான் சினிமா எடிட்டிங்குக்குப் போய், பிறகு ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினேன். அவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தன் ஊருக்கே திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். பெண்ணுக்கும் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த பிறகு அவள் அப்பா நிலத்தை இரண்டாக்கி, மேல் வயலைக் கோதைக்கும் கீழ் வயலை அவள் அண்ணன் ராசேந்திரனுக்கும் எழுதி வைத்திருந்தார்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் எரிவாயுக் குழாய் பதிக்க அந்த ஊருக்கு ஆட்கள் வந்தார்கள். அதைத் தடுக்கக் கோதை ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வயலில் உட்கார்ந்தாள். அதே வாரத்தில் அண்ணன் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். குழாய் அவர் வயல் வழியாகப் போனது. நான் அதையெல்லாம், அடுத்த அறுவடை வரை, படமாக எடுத்தேன். அண்ணன் ஏன் கையெழுத்துப் போட்டார் என்பதை அவரே நாலு நிமிடம் சொல்கிறார். "அதை வெட்டிரு" என்றாள் கோதை. நான் வெட்டவில்லை. அன்றிலிருந்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் ஒரு பூப்படம் வரும், அவ்வளவுதான் எங்கள் நட்பு. அந்தப் படத்தை அவள் பார்க்கவும் இல்லை.

போன மாதம் திடீரென்று கூப்பிட்டாள். "ஊர்ல மூணு நாள் படவிழா நடத்துறேன். கடைசி நாள் உன் படம். வா" என்றாள். "முழுசாப் போடுவியா?" என்று கேட்டேன். "முழுசாத்தான்" என்றாள். அவள் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. அதற்குத்தான் ரயில் ஏறினேன்.

ஊர் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மண்டபத்துக்காரர் கதையை டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வருகிறதோ அந்தக் கரை வேட்டி கட்டுகிறவர் அவர். குழாய்ப் படம் போடுகிறார்கள் என்று யாரோ காதில் ஓதியதும், மண்டபத்தில் வெள்ளையடிக்கிற வேலை இருப்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது. அதனால் விழா கோதையின் வயலுக்கு மாறியிருந்தது. காய்ந்து வெடித்துக் கிடந்த வயலில் மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழித்து என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது:

"வந்துட்டியா, அந்தக் கயித்தப் புடி."

பிடித்தேன். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏண்டி, தண்ணி தொறந்துட்டாங்களாமே, வயல்ல போயித் திரைய நட்டு வச்சிருக்கியே" என்றேன்.

"நம்ம ஊருக்குத் தண்ணி சொன்ன தேதியில வந்ததே கிடையாது. அடுத்த மாசம் வந்தா ஆச்சரியம்" என்றாள். சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் வராது என்பதில் அந்த ஊருக்கு இருந்த நம்பிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சாயங்காலம் முதல் படம். ஏதோ ஒரு வெளிநாட்டு மலைப்பிரதேசத்துப் படம், பண்ணையாருக்கும் குத்தகைக்காரனுக்கும் சண்டை. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஊரில் அதைப் படிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருக்கலாம். கோதை மைக்கைப் பிடித்துத் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். முதல் கால் மணி நேரம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு அவள் தன் சரக்கையும் சேர்க்க ஆரம்பித்தாள். படத்தில் பண்ணையார் "வெளியே போ" என்கிறான். கோதை, "யோவ், பட்டா என் பேர்ல இருக்குய்யா, கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றாள். கடைசியில் பண்ணையார் குதிரையில் ஏறிப் போய்விடுகிறான். எழுத்தில் ஒன்றுமே இல்லை. கோதை மைக்கில், "நான் செஞ்சது தப்புத்தான், மன்னிச்சிருங்க" என்று சொல்லிப் படத்தை முடித்துவைத்தாள். ஊர் கைதட்டியது.

"அவன் மன்னிப்புக் கேக்கவே இல்லடி" என்றேன்.

"கேட்டிருக்கணும்" என்றாள்.

வெட்டுவது என் தொழில். ஆனால் நான் கத்தரியில் செய்வதை இவள் வாயாலேயே செய்கிறாள். படுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் படம் தமிழில் இருக்கிறது. அதில் இவள் வாய் வைக்க வழியே இல்லை.

இரண்டாம் நாள் காலை இட்லியோடு மீன் குழம்பு. எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கு மீனைக் காட்டினால் வீட்டை விட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். குறை சொல்ல முடியாத விஷயம் அந்த வீட்டில் குழம்பு ஒன்றுதான். தண்ணீர் உப்பு கரித்தது. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது கஷாயம். காவிரி கடலில் சேருகிற தேசத்தில் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்கள். கேட்டால், "கடைமடைன்னா அப்புடித்தான்" என்று சிரிக்கிறாள். எதற்கெடுத்தாலும் அப்புடித்தான்.

ஒலிபெருக்கி ஒன்று கரகரத்ததால் மாற்றி எடுத்து வரப் போனோம். திரும்பும்போது ஸ்கூட்டர் பஞ்சர். அவள் வண்டியைத் தள்ள, நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்த நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தாள்.

"செல்வி, நாளைக்கு உன் படத்துல அந்த நாலு நிமிஷத்த மட்டும் தாண்டி விட்டுருவமா?"

பெட்டியை நடுரோட்டில் இறக்கி வைத்தேன்.

"முழுசாப் போடுறேன்னுதானே கூப்புட்ட?"

"கூப்புட்டப்ப அவ்வளவு யோசிக்கல. ஊரே உக்காந்திருக்கும். அவன் பேசுறத நான் எப்புடிடி உக்காந்து கேப்பேன்?"

"நீதான் அதைப் பாக்கவே இல்லையே. என்ன பேசுறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டவன் என்னத்தப் பேசுவான்? பணம் வந்துச்சும்பான். ஊருக்கு நல்லதும்பான்."

"வெட்ட மாட்டேன், கோதை. வேணும்னா போடாத. நான் ராத்திரி ரயிலுக்கே கிளம்பறேன்."

எதிரில் ஒரு சைக்கிள் வந்தது. ராசேந்திரன் அண்ணன். ஆள் மெலிந்து, தலை முழுக்க நரைத்திருந்தது. கோதை உடனே வலதுபுறம் இருந்த கருவைப் புதரை ஆராய ஆரம்பித்தாள். அண்ணன் என்னிடம் மட்டும், "எப்ப வந்தீங்க? சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இவர் ஏன் இந்த வழியா வயலுக்குப் போறாரு? உன் வரப்புல இறங்கினா ரெண்டு நிமிஷம்தானே?"

"கையெழுத்துப் போட்ட நாள்லேருந்து ரோட்டைச் சுத்தித்தான் போவான். என் வரப்புல கால் வைக்க மாட்டான். திமிரு" என்றாள். கொஞ்சம் நடந்ததும் தானாகவே, "இந்த லட்சணத்துல குறுவைக்கு விதை ஊறப் போட்டிருக்கானாம். கடைமடையில எவன் இப்ப குறுவை வைக்கிறான்? கவர்மெண்டு தேதியை நம்பின ஒரே ஆளு அவன்தான்" என்றாள்.

பேச்சு இல்லாத அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிக் காட்டினேன். அன்று இரவு வரை என்னோடும் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள். ரயிலுக்குக் கிளம்பாமல் ஏன் இருந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, மத்தியானச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ ஓடினார்கள். பிறகு இன்னும் பலர் ஓடினார்கள். வெளியே போய்ப் பார்த்தால் ஊரே வாய்க்கால் கரையில் நிற்கிறது. சருகும் நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னால் தள்ளிக்கொண்டு வர, பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கற்பூரம் ஏற்றினாள். ஒரு பெரியவர் முட்டிவரை இறங்கி நின்று கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். தண்ணீர் சொன்ன தேதியில் வந்துவிட்டது.

கோதை என் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷமும் திகைப்பும் மாறி மாறி வந்தன. அவள் வயலில் திரை இருந்தது, நாற்காலிகள் இருந்தன, வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கிகள் இருந்தன.

"உன் வயலுக்கு விடாம இருந்தா போச்சு. நாளைக்கு விடேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வறண்ட ஜில்லாக்காரி என்பது எழுதி ஒட்டியிருந்தது. "நம்ம மதகுக்கு முறை இன்னைக்கு ஒரு நாள்தான்டி. நாளைக்கு அடுத்த ஊருக்குத் திருப்பிருவாங்க. அதுவுமில்லாம..." என்று நிறுத்திக் கையை நீட்டினாள்.

அவள் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவே உள்ள வரப்புக்கு அந்தப் பக்கம் ராசேந்திரன் அண்ணன் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அங்கெல்லாம் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்துதான் கீழ் வயலுக்கு இறங்கும். கோதையின் வயல் நனையாமல் அவர் நாற்றங்காலுக்கு ஒரு சொட்டுப் போகாது. விதை முளைவிட்டுச் சாக்கில் இருந்தது. இன்று நாற்றங்கால் நனைந்தால்தான் நாளைக் காலை தெளிக்க முடியும், இல்லாவிட்டால் விதை வீண். அவர் கேட்கவில்லை. பேச்சு இல்லாதவர் எப்படிக் கேட்பார்? சும்மா நின்றார்.

"எத்தனை சண்டை போட்டாலும் தண்ணியை மட்டும் நிறுத்துனதில்ல. பேச்சு வேற, தண்ணி வேற" என்றாள் கோதை.

"நல்லதாப் போச்சு. என் படத்தப் போடாம இருக்க உனக்குச் சாக்குக் கிடைச்சிருச்சு."

"ஆமாடி, நாந்தான் மேட்டூருக்குப் போன் போட்டுத் தொறந்துவிடச் சொன்னேன்."

"சிரிக்காத. ஆறேழு வருஷமா நீ அந்தப் படத்துக்குப் பயந்து ஓடுற. எனக்கு அலுத்துப் போச்சு, கோதை. உன்னோட சிநேகமே அலுத்துப் போச்சு."

நிஜமாகவே அலுத்துத்தான் போயிருந்தது. கோதை திரும்பி நடந்து போய்த் திரைக் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஊர்க்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கினார்கள். அரைமணி நேரத்தில் வயல் காலியானது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய அவளே மடையை வெட்டிவிட்டாள். வெடிப்புகளில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

நான் நேராக ரோட்டைச் சுற்றி ராசேந்திரன் அண்ணனிடம் போனேன். அவர் வயல் ஓரத்தில் நெல் காயப் போடுகிற சிமெண்டுக் களம் ஒன்று மேடாக இருந்தது. பக்கத்தில் மோட்டார் கொட்டகை. கரண்ட் உண்டு.

"ஏனுங்க அண்ணா, இந்தக் களத்துல படம் போட்டுக்கட்டுங்களா?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கோதை இருந்த திசையைப் பார்த்தார். "தங்கச்சி கேக்கச் சொல்லுச்சா?"

"இல்லைங்க. நானாத்தான் கேக்கறேன்."

"நான் பேசினது அதுல இருக்கா?"

"இருக்குதுங்க. முழுசா இருக்குது."

மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தார். பிறகு, "அப்ப போடுங்க" என்று சொல்லிவிட்டு, கொட்டகையிலிருந்து ஒயரை அவரே இழுத்துக்கொண்டு வந்தார்.

இருட்டத் தொடங்கியதும் களம் நிறைந்துவிட்டது. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். மண்டபத்துக்காரர்கூடக் கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். படம் ஓடியது. வயலில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் காட்சியில், "ஏய், அது நம்ம மல்லிகா, எப்புடி இளைச்சிருந்திருக்கா பாரு" என்று குரல்கள் எழுந்தன. நான் கோதையைத் தேடினேன். முன்வரிசையில் அவளுக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. கடைசியில் ஓடியே விட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து திரைக்குப் பின்னால் போனேன்.

அங்கே இருந்தாள். நடு வரப்பில் தண்ணீர் இறங்குகிற இடத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்றிருந்தாள். அங்கிருந்து துணியின் பின்பக்கம் தெரிந்தது. இடமும் வலமும் மாறிய அண்ணன் முகம் அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது.

"பணத்துக்காகப் போடலங்க. ஆபீசர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, காபி குடிச்சுட்டு, ஐயான்னு கூப்புட்டாரு. நம்மள எந்த ஆபீசர் அப்புடிக் கூப்புட்டான்? குழாய் அடியில போயிரும், மேல எப்பவும் போல நெல்லு வைக்கலாம்னாரு. நம்பிட்டேன். தோண்டுன மண்ணை அடிமண்ணு மேமண்ணு பாக்காம கலந்து மூடிட்டாங்க. அந்தத் தடத்துல இப்ப ஒண்ணும் சரியா வர்றதில்ல." திரையில் அவர் துண்டால் முகம் துடைத்தார். "தங்கச்சி அன்னிக்கு வயல்ல உக்காந்திருந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு அது முன்னாடி வரப்புல நடந்து வர எனக்கு மூஞ்சி இல்ல. ரோட்டைச் சுத்தி வந்தேன். இப்பவும் சுத்தித்தான் வர்றேன்."

கோதை மைக் இல்லாமல் நின்றாள். சேர்க்கவும் முடியவில்லை, மாற்றவும் முடியவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டதில் முகம் முழுக்கச் சேறு. நான் அருகில் போகவில்லை.

படம் முடிந்ததும் ஊர் எழுந்து தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனது. படம் எப்படி இருந்தது என்று ஒருத்தர் சொல்லவில்லை. கோதை எனக்குச் சோறு போடும்போது, "ஒரு பக்கத்து ஸ்பீக்கர் கேக்கவே இல்லடி" என்றாள். அந்தப் பெட்டியைத்தான் நான் தலையில் சுமந்து வந்திருந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு என்னை ஏற்றிவிட ஸ்கூட்டரை எடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள், பஞ்சர் ஒட்டவே இல்லை. இரண்டு பேரும் நடந்தோம். அவள் வயல் கண்ணாடி மாதிரி நிறைந்திருந்தது. ரோட்டில் ராசேந்திரன் அண்ணன் முளைவிதைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ரோட்டைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோதையின் வரப்பில் கால் வைத்தார்.

கோதை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "புது ஈரம். வழுக்கும்னு சொல்லு" என்றாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உன் அண்ணன், உன் வரப்பு. நீ சொல்லித் தொலை" என்றேன்.

"அண்ணே" என்றாள். குரல் சரியாக எழும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "அண்ணே, வரப்பு வழுக்கும். பாத்துப் போ."

கூடையைப் பிடித்த கையை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், "சரிம்மா" என்றார். அடுத்த அடியை இன்னும் மெதுவாக எடுத்து வைத்தார்.